கார் சர்வீஸ்: எதை நாமே செய்யலாம், எதைப் பட்டறைக்கு விடலாம்?

காரை நாமே சர்வீஸ் செய்வது என்றதும், வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. புதிதாகக் கற்பவர்கள் கடைசியாகத் தொட வேண்டிய வேலை அது. அதில் மிச்சமாகும் பணமும் அவ்வளவு இல்லை. பானட்டைத் திறந்து நின்றபடியே பத்து நிமிடத்தில் முடிகிற வேலைகள் சில உண்டு. பில்லை ஊத வைப்பவை பெரும்பாலும் அவைதான்.

இங்கே சொல்வதெல்லாம் மாருதி ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்ற சின்ன பெட்ரோல் கார்களை மனதில் வைத்து. வேறு கம்பெனி வண்டி என்றால் போல்ட் இருக்கும் இடமும் அளவும் மாறும், வரிசை மாறாது.

படி 1: வாரண்டி முடிந்ததா என்று பாருங்கள்

மாருதியில் 2024 ஜூலை முதல் வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. அதற்கு முன் வாங்கிய வண்டிகளுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். அந்தக் காலத்துக்குள் இருந்தால், குறித்த இடைவெளியில் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடுங்கள். முதல் மூன்று சர்வீஸுக்கு எப்படியும் லேபர் சார்ஜ் கிடையாது.

வெளியே கைவைத்தாலே வாரண்டி போய்விடும் என்று மிரட்டுவதும் சரியில்லை. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. ஆனால் ஒரு பில்டருக்காக சர்வீஸ் அட்வைசரிடம் நின்று சட்டம் பேச யாருக்கு நேரம்? வாரண்டி முடியட்டும்.

படி 2: போன தடவை பில்லை எடுத்து உட்காருங்கள்

கூடவே வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலையும் எடுங்கள். அதன் கடைசிப் பக்கங்களில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று ஓர் அட்டவணை இருக்கும். பில்லின் ஒவ்வொரு வரியையும் அந்த அட்டவணையில் தேடுங்கள்.

வரிகள் மூன்று வகையாகப் பிரியும். ஆயில், ஆயில் பில்டர், டிரைன் போல்ட் வாஷர் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டின் வளையம்) போன்றவை ஒவ்வொரு சர்வீஸிலும் வந்தே தீரும். ஏர் பில்டர், ஏசி பில்டர், வைப்பர் பிளேடு, ஸ்பார்க் பிளக் போன்றவை எப்போதாவது வருபவை. மூன்றாவது வகைதான் வேடிக்கை: எஞ்சின் டீகார்பனைசிங் (உள்ளே படிந்த கரியை நீக்குவது), ஏசி கிருமிநீக்கம், உள்பக்க டிரெஸ்ஸிங், எலி விரட்டி ஸ்பிரே. இவற்றை மேனுவலில் தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்காது. (மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலித் தொல்லை நிஜம்தான், ஒயரைக் கடித்துவிடும். அதற்காக ஒவ்வொரு முறையும் கேட்காமலே ஸ்பிரே அடித்து பில்லில் ஏற்றுவது வேறு விஷயம்.) லேபருக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வருவதையும் கவனியுங்கள்.

ஒரு கருவியும் வாங்காமல், வேண்டாத வரிகளை அடையாளம் காண்பதிலேயே நல்ல தொகை மிஞ்சும்.

படி 3: சாமான் வாங்குங்கள்

10 மி.மீ. ரிங் ஸ்பேனர், ஸ்டார் ஸ்குரூ டிரைவர், டயர் பிரஷர் கேஜ், டார்ச், கையுறை, கொஞ்சம் பனியன் வேஸ்ட். ஆரம்பத்துக்கு இவை போதும். நூறு சாமான் கொண்ட டூல் பாக்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம், அதில் தொண்ணூறு துருப்பிடிக்கும்.

பில்டர்களை வண்டியின் மாடல், வருடம், பெட்ரோலா டீசலா என்று சொல்லி கம்பெனி ஜெனியூன் பார்ட்ஸ் கடையில் வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் வரிசையாகக் கடைகள். பழைய பாகங்களுக்குப் பெயர்போன புதுப்பேட்டை பில்டர் வாங்குகிற இடமல்ல. பழைய பில்டரைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது இன்னும் பத்திரம்.

படி 4: ஏர் பில்டர்

முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், கை பழகும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பானட்டைத் திறந்தால், தடித்த ரப்பர் குழாய் ஒன்று போய்ச் சேரும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி தெரியும். சில மாடல்களில் அது எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். மூடியைக் கிளிப்போ ஸ்குரூவோ பிடித்திருக்கும். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை மெல்லத் தூக்கி, பில்டர் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து வெளியே எடுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் சருகையும் மண்ணையும் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் எதுவும் விழக் கூடாது. பக்கத்தில் ஒயர் சொருகிய சென்சார் இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

பேப்பர் பில்டரைத் தண்ணீரில் அலசவே கூடாது. லேசான தூசி என்றால் தரையில் தட்டிவிட்டுத் திரும்பப் போடலாம். டார்ச்சைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் வரவில்லையென்றால் புதிது போடுங்கள். மூடும்போது ரப்பர் விளிம்பு நாலு பக்கமும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் தூசி நேராக எஞ்சினுக்குள் போகும்.

படி 5: ஏசி பில்டர்

இதுதான் எனக்குப் பிடித்த வேலை, பலன் உடனே மூக்குக்குத் தெரியும். முன்சீட்டில் உட்கார்ந்து கிளாவ் பாக்ஸைக் காலி செய்யுங்கள். பெட்டியின் இரு ஓரத்தையும் உள்பக்கமாக அழுத்தினால் அது கீழே மடங்கும். பின்னால் நீளவாக்கில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதை எடுத்து பில்டரை உருவுங்கள். முதல்முறை உருவுகிறவர்களுக்கு அதில் இருப்பதைப் பார்த்தால் ஒரு வாரத்துக்கு ஏசி போடத் தோன்றாது.

புதியதில் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். பழையதில் அது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அப்படியே சொருகுங்கள். சில கீழ்நிலை மாடல்களில் பில்டரே போடாமல் காலியிடம் மட்டும் விட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் வாங்கிப் போட்டுவிடலாம்.

படி 6: மாதம் ஒருமுறை கால் மணி நேரம்

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும், பங்க் பையன் சொல்லும் கணக்கு நமக்கு வேண்டாம். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது. ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

பேட்டரி முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், கையுறையோடு 10 மி.மீ. ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றி, பிறகு பிளஸ். சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் பிளஸை முதலில் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். சீட்டுக்கு அடியில் இன்னொரு லித்தியம் பேட்டரி உள்ள ஸ்மார்ட் ஹைப்ரிட் வண்டி என்றால், அந்தப் பேட்டரிப் பக்கமே போக வேண்டாம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் அளவை வெளியே தெரியும் வெள்ளை டப்பாவில் பார்த்தால் போதும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அடிக்கடி குறைகிறது என்றால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

படி 7: ஆயில், தைரியம் வந்த பிறகு

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் படுக்கவே கூடாது. சமதரையும், உயர்த்திய வண்டியைத் தாங்கி நிற்கும் இரண்டு ஜாக் ஸ்டாண்டும், சக்கரத்துக்கு அடைக்கட்டையும் இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள்.

இருந்தால், முறை இது. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் இளகி, கையைச் சுடாத அளவில் இருக்க வேண்டும். வண்டியை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். அடியில் தட்டை வைத்து, டிரைன் போல்ட்டை அதன் தலையைப் பார்த்தபடி இடப்பக்கமாகச் சுற்றுங்கள். வடிந்ததும் புது வாஷரோடு முதலில் விரலாலேயே முறுக்குங்கள். ஸ்பேனரை எடுத்த எடுப்பில் போட்டு மரை போய்விட்டால், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பையே மாற்ற வேண்டிவரும்.

ஆயில் பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய வளையத்தின் மேல் புதியதை முறுக்கினால் ஓடும்போது ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, ஒட்டியபின் முக்கால் சுற்று கையால் போதும்.

மேனுவல் சொல்லும் கிரேடு ஆயிலை, அது சொல்லும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக முதலில் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அடியில் கசிவு பார்த்து, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பழைய ஆயில் சாக்கடைக்குப் போகக் கூடாது, அது சட்டப்படி அபாயகரமான கழிவு. டப்பாவில் ஊற்றிப் பட்டறையில் கொடுத்தால் அவர்கள் சேர்த்து அனுப்புவார்கள். காலி ஆயில் டப்பாவில் ஓர் ஓட்டை போட்டுவிட்டுக் குப்பையில் எறியுங்கள், போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்குப் பயன்படாது.

இவ்வளவு வேண்டாம் என்றால் நடுவழி ஒன்று உண்டு: ஆயிலையும் பில்டரையும் நீங்களே வாங்கி, தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கூலி மட்டும் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் பெரும்பாலோருக்குச் சொல்வது இதைத்தான்.

படி 8: மற்றதை விட்டுவிடுங்கள்

பிரேக், பிரேக் ஆயில், கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி கேஸ், ஏர்பேக் ஒயரிங், வீல் அலைன்மென்ட். இவை பட்டறைக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டியவை: "ஏர் பில்டர், ஏசி பில்டர் மாற்றியாயிற்று. எஸ்டிமேட்டில் இல்லாத எந்த வேலையும் போனில் கேட்காமல் செய்யக் கூடாது. மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைக்கவும்." எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். நீங்களே மாற்றிய பாகங்களின் பில்லோடு, அன்றைய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர் படத்தையும் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் சர்வீஸ் ரெக்கார்டு கேட்டால் அதை எடுத்து நீட்டலாம்.