ஆய்விதழ்களில் கருத்துத் திருட்டு: சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் முதலில் கேட்பது, "பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் வரை ஒத்திருந்தால் விடுவார்கள்?" என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஐதென்டிகேட், டர்னிட்டின் போன்ற மென்பொருள்கள் திருட்டைக் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே வெளியானவற்றோடு ஒத்துப்போகும் வரிகளைக் காட்டுகின்றன, அவ்வளவுதான். மேற்கோள் பட்டியலும் வழக்கமான செய்முறை விவரிப்புமே 20 சதவீதத்தைத் தொட்டுவிடலாம், அதில் குற்றமில்லை. 5 சதவீதம் காட்டும் கட்டுரையில் ஒரு முக்கியமான பத்தி முழுவதும் அடுத்தவருடையதாக இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு, எந்த வரி எங்கிருந்து வந்தது என்று அறிக்கையைத் திறந்து படியுங்கள்.

எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மட்டும் மாற்றுவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. 'அதிகரித்தது' என்பதை 'உயர்ந்தது' ஆக்கினால் வாக்கியம் உங்களுடையதாகிவிடாது. மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததைச் சொந்த நடையில் எழுதுங்கள்; அப்புறம் மூலத்தோடு ஒப்பிடுங்கள். அப்போதும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சான்று காட்டத்தான் வேண்டும். பிறமொழியிலிருந்து பெயர்த்து எழுதியதற்கும் இது பொருந்தும். படம், அட்டவணை என்றால் சான்றோடு உரிமையாளரின் அனுமதியும் தேவைப்படலாம்.

"என் பழைய கட்டுரைதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. செய்முறைப் பகுதியில் சில வரிகள் திரும்ப வந்தால் பல இதழ்கள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதே தரவைப் புதிய முடிவாக மறுபடி வெளியிட்டால், பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிடுபவர் அதை இருமுறை எண்ணிவிடுவார். மருத்துவ ஆய்வு என்றால், பலனளிக்காத சிகிச்சைகூட நல்ல சிகிச்சையாகத் தோன்றிவிடலாம்.

சரி, புகார் வந்துவிட்டால் ஆசிரியர் குழு என்ன செய்ய வேண்டும்? சத்தமில்லாமல் நிராகரித்தால் அதே கட்டுரை வேறொரு இதழுக்குப் போய்விடும். எடுத்த எடுப்பிலேயே பழி சுமத்துவதும் தவறு. 1997-இல் தொடங்கிய, ஆய்வு வெளியீட்டு நெறிகளுக்கான கோப் (COPE) அமைப்பு இதற்குப் படிப்படியான வழிமுறை வைத்திருக்கிறது: ஒத்திருக்கும் பகுதிகளை ஆதாரமாக இணைத்து எழுதியவரிடம் விளக்கம் கேட்க வேண்டும், பதில் வராவிட்டாலோ திருப்தி தராவிட்டாலோ அவருடைய நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம். வெளியான கட்டுரை என்றால் திரும்பப் பெறலாம். அதை இணையத்திலிருந்து அழித்துவிடாதீர்கள். 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறியோடு அங்கேயே இருக்கட்டும். காரணத்தையும் அறிவிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள். நேர்மையான பிழையைத் தானே சொல்லித் திரும்பப் பெறும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். காரணம் சொல்லப்படாவிட்டால் அவர்கள்மீதும் திருட்டுச் சந்தேகம் விழுந்துவிடும்.