கையளவு மேக்ரோ லென்ஸ்: எவ்வளவு கிட்டப் போகலாம்?

மிக அருகில் போய்ப் படம் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கியதும் எறும்பு, கண்ணிமை, துணி இழை என்று முடிந்த மட்டும் மூக்கை நுழைக்கத் தோன்றும். செய்து பாருங்கள், ஆசை தீரட்டும். அப்புறம் கால் அளவுக்கு (1:4, அதாவது கேமராவின் சென்சரில் விழும் பிம்பம் பொருளின் நிஜ அளவில் நாலில் ஒரு பங்கு) வாருங்கள். பயணத்துக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் இந்தக் குட்டி லென்ஸ்கள் நன்றாக உழைப்பது அங்கேதான்.

என்னிடம் இருப்பது சோனியின் 30 மி.மீ. எஃப் 3.5 மேக்ரோ. எடை 138 கிராம். நிக்கான் இசட் கேமராவுக்கு 50 மி.மீ., ஒலிம்பஸுக்கு இன்னொரு 30 மி.மீ. என்று மற்றவர்களிடமும் சிறியவை உண்டு. எதுவானாலும் பழகும் முறை ஒன்றுதான்.

அளவு புரிய ஓர் எளிய வழி. சிங்கப்பூரில் பேருந்து, ரயிலுக்குப் பயன்படுத்தும் ஈசி லிங்க் அட்டையை மேசையில் வையுங்கள். ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சர் உள்ள கேமராவில் அட்டை படச் சட்டத்தைக் கிட்டத்தட்ட நிரப்பினால் அது ஏறக்குறைய கால் அளவு. ஒன்றுக்கு ஒன்று, அதாவது பிம்பம் நிஜ அளவிலேயே விழும் அளவுக்குப் போனால் இங்குள்ள ஐந்து காசு நாணயமே மேலும் கீழும் வெட்டுப்படும், நாணயம் 16.75 மி.மீ., சென்சரின் உயரம் சுமார் 15.6 மி.மீ. தான்.

இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் கூர்மையில் இருக்கிறது. லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்தால் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) கால் அளவில் ஆறு மி.மீ. ஆழத்துக்குப் படம் தெளிவாக இருக்கும். ஒன்றுக்கு ஒன்றில் அது அரை மி.மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒரு மல்லி மொட்டுகூட முழுதாகத் தெளியாது. எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போனால் ஆழம் கூடும், ஆனால் ஒளி சிதறிப் படம் முழுக்க மொத்தமாக மழுங்கும். நான் 11-ஐத் தாண்டுவது அபூர்வம்.

அடுத்தது நிழல். என் லென்ஸின் விவரத்தில் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 9.5 செ.மீ. என்று போட்டிருப்பது சென்சரிலிருந்து அளந்த தூரம். கேமரா உடம்பும் லென்ஸும் போக, ஒன்றுக்கு ஒன்றில் முன் கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவே மிஞ்சுவது 2.4 செ.மீ. அந்தச் சந்துக்குள் வெளிச்சம் எப்படி நுழையும்? கால் அளவில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடம் கிடைக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் காலை வெளிச்சம் ஒரு பக்கமாக வரும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து நிறுத்தினால் போதும். எவர்சில்வர் தம்ளருக்கு மட்டும் தாளை இன்னும் நெருக்கி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் முகம்தான் அதில் தெரியும்.

பயணப் படத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. மிக நெருங்கினால் ஊர் காணாமல் போய்விடும். தோசையின் பொத்தல்களை மட்டும் எடுத்தால் அது மதுரையா சிங்கப்பூர்த் தேக்காவா என்று யாருக்குத் தெரியும்? கொஞ்சம் பின்வாங்கினால் ஓரத்தில் வாழையிலை, பிளாஸ்டிக் தட்டின் விளிம்பு, சட்னிக் கிண்ணம் எல்லாம் மங்கலாக உள்ளே வரும். காப்பிக்கடைப் பீங்கான் கோப்பையின் பூப்போட்ட விளிம்பும் அப்படித்தான், பின்னால் பளிங்கு மேசை தெரிய வேண்டும். சூடான பானத்துக்கு நேர் மேலே போகாதீர்கள், ஆவி கண்ணாடியில் படியும். பக்கவாட்டில் வாருங்கள்.

பூக்கடையில் கவனம். சாமிக்குப் போகிற மாலைமேல் முகத்தைக் கவிழ்த்தால் கட்டுகிற அக்காவுக்கு முகம் சுளிக்கும், நியாயம்தான். முகர்ந்த பூவைச் சாமிக்கு வைக்க மாட்டார்களே. "அக்கா, ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேட்டு, கையெட்டும் தூரத்தில் அவர் விரல்களை எடுங்கள். பிறகு ஒரு முழம் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் ஆற அமர நெருங்கலாம்.

சிங்கப்பூரின் கூன் செங் சாலை வீடுகளின் சுவர் ஓடுகளில் பூ வேலைப்பாடு மேடாக எழும்பியிருக்கும். நேர் வெளிச்சத்தில் அது தட்டையாகிவிடும்; சாய்ந்த வெயிலில்தான் மேடு பள்ளம் தெரியும். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், நடைபாதையோடு நின்றுகொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கும் இதே விதிதான். உச்சி வெயிலில் போனால் எழுத்தே எழும்பாது. காலையிலோ மாலையிலோ, நாலைந்து எழுத்துகள் அடங்கும் தூரத்தில் நின்று, கேமராவைச் சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். இணையாகப் பிடித்தால் இருக்கிற சொற்ப ஆழமும் முழு எழுத்துக்கும் பயன்படும்.

பெரனாக்கான் அரும்பொருளகத்தின் மணிவேலைக் காலணிகள் மேக்ரோவுக்கென்றே செய்தவை போல இருக்கும். கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவற்றுக்கு லென்ஸை முட்டாமல் கண்ணாடிக்கு ஒட்டினாற்போலக் கொண்டுபோய், கறுப்புத் துணியால் சுற்றிலும் மறையுங்கள். பிரதிபலிப்பு பெரும்பாலும் போய்விடும். ஃபிளாஷ் வேண்டாம்.

ஆட்டம்தான் எல்லாரையும் படுத்துகிற விஷயம். கேமராவிலோ லென்ஸிலோ நடுக்கத் தடுப்பு இருந்தாலும், அது மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடுவதைத்தான் சமாளிக்கும். முன்னும் பின்னும் சாய்வதை அது சரிசெய்யாது. தானியங்கி ஃபோகஸ் இங்கும் அங்கும் தேடி அலையும், அதை அணைத்துவிடுங்கள். கையால் தூரத்தைப் பூட்டி, முழங்கையை மேசையில் ஊன்றி, உடம்பை மெல்ல முன்னே சாய்த்தபடி நாலைந்து படம் தொடர்ந்து எடுங்கள். ஒன்று தேறும். கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் 1/200 நொடி நல்லது. ஆனால் உணவங்காடி விளக்குகளின் கீழ் ஒரு சிக்கல் வரும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். மின்னணு ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழும். அங்கே 1/100 வைத்து, மேசையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொள்வதுதான் வழி.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி பனிக்கும், துடைக்கத் துடைக்க மறுபடி வரும். கேமராவைப் பைக்குள்ளேயே விட்டு அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். வீட்டில் ஈரப்பதம் காக்கும் பெட்டியில் 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கிறேன். இந்த ஊர்க் காற்றில் அலமாரியில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். கோலமாவு, விபூதி, முறுக்குத் தூள் எடுத்த நாளில் முன் கண்ணாடியைத் துணியால் தேய்க்காதீர்கள். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, அப்புறம் துடையுங்கள்.