சைக்கிளுக்கு ஹப் மோட்டார் பொருத்துதல்: திருகோணமலையிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

2022 ஆம் ஆண்டு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில், சுவரில் சாத்திக் கிடந்த பல சைக்கிள்கள் திருகோணமலை வீதிகளுக்குத் திரும்பி வந்தன. நகரிலிருந்து நிலாவெளிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர். பாதை பெரும்பாலும் சமதரைதான் என்றாலும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த வெயிலில் மிதித்துப் போய், மாலையில் மிதித்துத் திரும்புவது எல்லோராலும் இயலுவதில்லை. அப்படிப்பட்டவர்கள் தம்மிடமுள்ள சைக்கிளின் முன் சில்லைக் கழற்றிவிட்டு, மோட்டார் பொருத்திய சில்லொன்றை மாட்டிக்கொள்ளும் முறையை இங்கே விளக்குகிறேன். பின் சில்லு மோட்டாரும் உண்டு. ஆனால் செயினையும் பல்சக்கரத்தையும் கழற்றிப் பூட்ட வேண்டியிருப்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு முன் சில்லே இலகு.

மோட்டார்ச் சில்லும் அதற்கு வேண்டிய மற்ற உறுப்புகளும் சேர்ந்து வரும் தொகுதியைக் கிற் என்பார்கள். கிற் வாங்குவதற்கு முன் உங்கள் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள எண்ணைப் படியுங்கள். 28 அங்குலம் என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பழைய பெரிய சைக்கிளின் டயரில் 40-635 என்றிருக்கும். இதில் 635 என்பது டயர் அமரும் ரிம்மின் விட்டம், மில்லிமீற்றரில். கிற்றுடன் வரும் 28 அங்குல ரிம் பெரும்பாலும் 622 அளவினது. இந்த 13 மில்லிமீற்றர் வேறுபாட்டினால் பழைய டயர் புதிய ரிம்மில் நிற்காது. அத்துடன், கம்பியால் இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும் பழைய பிரேக்குக்கு ஏற்ற மேற்பரப்பும் புதிய ரிம்மில் இல்லை. ஆகவே முதன்முதலாகச் செய்பவர், 559 என்ற எண்ணுள்ள 26 அங்குல டயரும் பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்கும் கொண்ட மவுண்டன் சைக்கிளைத் தெரிவு செய்வது நல்லது. முன் ஃபோர்க், அதாவது முன் சில்லை இருபுறமும் தாங்கும் கவை, இரும்பினாலானதா என்பதைக் காந்தம் வைத்துப் பாருங்கள். அலுமினிய ஃபோர்க் மோட்டார் அச்சின் முறுக்கத்தில் வெடிக்கக்கூடும் என்பதால் அதில் பொருத்த வேண்டாம். ஃபோர்க்கின் இரு நுனிகளுக்கும் இடையே உட்பக்கமாக 100 மில்லிமீற்றர் இருக்க வேண்டும்.

மோட்டாரைப் பொறுத்தவரை, 36 வோல்ட், 250 வாட், உள்ளே பற்சக்கரமுள்ள வகை நம் ஊருக்குப் போதும். பற்றரி தீர்ந்தாலும் அது தடையின்றி உருளும். சாதாரணச் சைக்கிளைப் போலவே மிதித்து வீடு வந்து சேரலாம்.

பற்றரியைக் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரியில் 360 வாட்-மணி சக்தி உண்டு. ஓரளவு மிதித்தபடி ஓடினால் ஒரு கிலோமீற்றருக்கு 10 முதல் 15 வாட்-மணி வரை செலவாகும். 12 என்று வைத்துக்கொண்டால், நிலாவெளிக்குப் போய்த் திரும்பும் 30 கிலோமீற்றருடன் 360 வாட்-மணியும் தீர்ந்துவிடும். எதிர்காற்றுக்கு எதுவும் மிஞ்சாது. இத்தகைய தூரத்துக்கு 13 ஆம்பியர்-மணி வாங்குங்கள். நகருக்குள் மட்டும் ஓடுபவருக்கு 10 தாராளம்.

இனிப் பொருத்தும் வேலை. முதலில் மோட்டார்ச் சில்லின் அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு சில்லைச் சுழற்றிப் பாருங்கள். ஒரு திசையில் இலகுவாக ஓடும்; மறு திசையில் உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் கனக்கும். இலகுவாக ஓடும் திசையே சைக்கிள் முன்னே செல்லும் திசையாக அமைய வேண்டும்.

மோட்டார் அச்சின் விட்டம் பொதுவாக 12 மில்லிமீற்றர். தட்டையாக்கிய இடத்தில் அது 10 மில்லிமீற்றர். ஃபோர்க்கின் வெட்டு அதைவிட ஒடுக்கமாக இருந்தால், அரத்தால் இரு பக்கங்களையும் சமமாகத் தேய்த்து, அச்சு ஆட்டமில்லாமல் இறுகி நுழையும் அளவுக்கு மட்டும் அகலமாக்க வேண்டும். வெட்டின் அடியை ஆழப்படுத்தக் கூடாது. அதன்பின், சில கிற்றுகளில் வராத ஓர் உறுப்பைத் தனியாக வாங்கியாவது பூட்டுங்கள்: அச்சின் தட்டையான பகுதியைக் கவ்வும் துளையுடைய இரும்புத் தகடு. டோர்க் ஆர்ம் என்று கேட்டால் தருவார்கள். அதன் மறுமுனை ஹோஸ் கிளிப்பால் ஃபோர்க்கின் காலோடு கட்டப்படும். மோட்டார் சில்லை முன்னே தள்ளும்போது அச்சு எதிர்த்திசையில் திரும்ப முயலும். நட்டின் இறுக்கம் மட்டும் அதைத் தாங்காது. என்னுடைய முதல் சைக்கிளில் இத்தகட்டை நான் போடவில்லை. பிரெடெரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் அச்சு ஃபோர்க்குக்குள்ளேயே சுழன்று, மோட்டாருக்குச் செல்லும் வயரைக் கயிறுபோல முறுக்கி அறுத்துவிட்டது. வேகம் குறைவாக இருந்ததால் சில்லு கழன்று விழவில்லை. தகடு போடாமல் எவரையும் அந்தச் சைக்கிளில் ஏற விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பற்றரியிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கொன்ட்ரோலரைக் கரியரின் கீழ், வயர் வெளிவரும் பக்கம் தரையைப் பார்க்குமாறு கட்டுங்கள். மோட்டாரின் வயர் அச்சிலிருந்து வெளிவந்ததும் சற்றுக் கீழே தொங்கி, பின்னரே ஃபோர்க் வழியாக மேலே ஏற வேண்டும். அப்படியிருந்தால் மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போகும், மோட்டாருக்குள் வழியாது. பல கிற்றுகளில் மோட்டாருக்கு ஒரே வட்டப் பிளக் இருக்கும். இரு பாதிகளிலுமுள்ள அம்புக்குறிகளை நேருக்கு நேர் பிடித்து நேராக அழுத்துங்கள்; திருகினால் உள்ளேயுள்ள மெல்லிய ஊசிகள் வளைந்துவிடும். அக்சிலேற்றர் பிடியையும், அழுத்தியதும் மோட்டாரை நிறுத்தும் புதிய பிரேக் பிடிகளையும் ஹேண்டிலில் பூட்டி, அவற்றுக்குரிய பிளக்குகளில் செருகுங்கள். பற்றரியை எப்போதும் கடைசியாகவே இணைக்க வேண்டும். இணைக்குமுன் மல்டிமீற்றரால் சிவப்பு, கறுப்பு வயர்களைச் சரிபாருங்கள். முழுதாக சார்ஜ் ஏறிய 36 வோல்ட் லித்தியம் பற்றரி ஏறக்குறைய 42 வோல்ட் காட்டும்.

முதற் சோதனையை வீதியில் செய்ய வேண்டாம். ஹேண்டிலைக் கயிற்றால் மரக்கிளையில் கட்டி முன் சில்லைத் தரையிலிருந்து உயர்த்திக்கொண்டு, அக்சிலேற்றரை மெல்லத் திருப்புங்கள். சில்லு திக்கித் திக்கி அதிர்ந்தால் பெரும்பாலும் மோட்டார் பிளக் முழுமையாக உள்ளே போகவில்லை. சீராகச் சுழன்றால் இரு பிரேக்குகளையும் தனித்தனியே அழுத்தி, ஒவ்வொரு முறையும் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். ஏதாவதொன்றில் நிற்காவிட்டால் அதைச் சரிசெய்த பிறகே வீதிக்கு எடுத்துச் செல்லுங்கள். முதல் 20 கிலோமீற்றருக்குப் பின் அச்சு நட்டுகளையும் ஹோஸ் கிளிப்பையும் மறுபடி இறுக்க வேண்டும்.

2 ஆம்பியர் சார்ஜரில் 10 ஆம்பியர்-மணி பற்றரிக்கு ஐந்து மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகச் செல்லும். வெயிலில் நின்று சூடேறிய பற்றரியை ஆறவிட்டே சார்ஜில் போடுங்கள். வீட்டார் உறங்கும்போதோ, வெளியேறும் வாசலருகிலோ சார்ஜ் செய்வதைத் தவிருங்கள்.

நம் கடற்கரையில் செம்பு வயர் பச்சை பூத்துப்போக அதிக காலம் எடுப்பதில்லை. எனவே ஒவ்வொரு பிளக்கின் வெளி விளிம்பிலும் சிறிது வசிலின் பூசுங்கள். உப்புவெளி கடற்கரையோரம் ஓடிய நாட்களில் ஈரத்துணியால் மோட்டாரைத் துடைத்தாலே போதும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் ஒருமுறையும், மாரி ஓய்ந்ததும் மறுமுறையும் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, உலர்த்தி, வசிலின் பூசி மாட்டுங்கள்.