ஆர் அட்டவணையில் வரிசை, நெடுவரிசை எடுக்கும்போது சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

தரவுகளை அலசப் பயன்படும் ஆர் (R) நிரல்மொழியில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும் தவறுகளால் பெரிய கேடில்லை, உடனே திருத்திவிடலாம். எச்சரிக்கை எதுவும் இல்லாமல், கேட்டதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ வரிசைகளைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. ஆருடன் சேர்ந்தே வரும் ஏர்குவாலிட்டி அட்டவணையில் இவற்றை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் எடுத்த காற்றுத்தர அளவீடுகள் அதில் உள்ளன: 153 வரிசை, 6 நெடுவரிசை.

ஓசோன் 100-ஐத் தாண்டிய நாட்கள் மட்டும் வேண்டும் என்று வையுங்கள். சதுர அடைப்புக்குள் காற்புள்ளிக்கு முன்னால், அதாவது வரிசைகளுக்கான இடத்தில், அந்த நிபந்தனையைப் போட்டால் 44 வரிசைகள் வரும். உண்மையில் அப்படிப்பட்ட நாட்கள் ஏழே ஏழு. மீதி 37? ஓசோன் பதிவாகாத நாட்கள் 37; அந்தக் கட்டங்களில் என்ஏ (NA), அதாவது மதிப்பு இல்லை என்ற குறி, இருக்கிறது. என்ஏ 100-ஐவிடப் பெரிதா என்று கேட்டால் ஆர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாது, என்ஏ என்றே சொல்லும். அந்த விடை நிபந்தனையில் வந்தால் எல்லாக் கட்டமும் என்ஏவாக ஒரு வரிசை முளைத்துவிடும். மாதமும் தேதியும்கூட அதில் இருக்காது. சப்செட் ஃபங்ஷன், டிப்ளையர் என்ற கூடுதல் தொகுப்பின் ஃபில்டர், டேட்டா.டேபிள் என்ற இன்னொரு தொகுப்பு ஆகிய மூன்றும் என்ஏவைத் தாமே கழித்துவிடும். வெறும் சதுர அடைப்புதான் கழிக்காது.

நிபந்தனையை, அது பொருந்தும் வரிசைகளின் எண்களை மட்டும் தரும் விச் ஃபங்ஷனுக்குள் போட்டாலும் 7 சரியாக வரும். ஆனால் வரிசைகளை நீக்குவதற்காக விச்சுக்கு முன்னால் கழித்தல் குறி போடுவது கண்ணிவெடி. வெப்பநிலை 100 பாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்களை நீக்கச் சொல்லிப் பாருங்கள். இந்தத் தரவில் உச்சமே 97தான், ஆகவே 153 வரிசையும் அப்படியே மிஞ்ச வேண்டும். கிடைப்பதோ பூஜ்யம். விச் எதையும் கண்டுபிடிக்காமல் வெற்றுப் பட்டியலைத் தருகிறது. அதற்குக் கழித்தல் குறி போட்டாலும் வெற்றுப் பட்டியல்தான். அதை ஆர் ‘எதையும் எடுக்காதே’ என்று புரிந்துகொள்கிறது. நீக்க வேண்டுமானால் நிபந்தனைக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு மறுப்பதே பாதுகாப்பு. அந்த நெடுவரிசையில் என்ஏ இருந்தால் மேலே சொன்ன சிக்கல் இங்கேயும் உண்டு.

இதைவிட நயவஞ்சகமானது இரட்டைச் சமக்குறி. மே, ஜூன், ஜூலை மூன்றையும் எடுக்க, மாதம் == 5, 6, 7 என்ற பட்டியலோடு ஒப்பிடுவார்கள். 31 + 30 + 31 என்று 92 வரிசை வர வேண்டிய இடத்தில் 31 மட்டும் வரும். முதல் வரிசையை 5 உடன், இரண்டாவதை 6 உடன், மூன்றாவதை 7 உடன், நான்காவதை மறுபடி 5 உடன் என்று சுழற்றிச் சுழற்றி ஒப்பிடுவதுதான் காரணம். 153 மூன்றால் மீதமின்றி வகுபடுவதால் எச்சரிக்கைகூட வராது. இரண்டு மாதம் மட்டும் கேட்டிருந்தால் நீளம் பொருந்தவில்லை என்றாவது ஆர் முணுமுணுத்திருக்கும். ஒவ்வொரு மதிப்பும் பட்டியலில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும் %இன்% குறிதான் இங்கே தேவை.

நெடுவரிசைப் பக்கம் வந்தால், காற்புள்ளிக்குப் பின்னால் ஒரே ஒரு பெயர் கொடுத்தால் அட்டவணை போய் வெறும் வெக்டர் (மதிப்புகளின் ஒற்றைத் தொடர்) கையில் நிற்கும். அதன் வரிசை எண்ணிக்கையை என்ரோ ஃபங்ஷன் கொண்டு கேட்டால் நல் (ஒன்றுமில்லை) என்று பதில் வரும். பெயர்ப் பட்டியலை ஒரு மாறியில் வைத்து எடுக்கும் நிரல்களில், பட்டியல் ஒன்றாகச் சுருங்கும் அன்றுதான் இது உடையும். அடைப்புக்குள் ட்ராப் = ஃபால்ஸ் என்று சேர்த்துவிடுங்கள், அட்டவணை அட்டவணையாகவே இருக்கும். டிபிள் என்ற வேறு வகை அட்டவணையில் இந்தத் தொல்லை இல்லை.

டாலர் குறிக்குப் பின் டெம்ப் (வெப்பநிலை நெடுவரிசையின் பெயர்) என்பதில் முதல் இரண்டு எழுத்தை மட்டும் தட்டினாலும் ஆர் படித்துக் கொடுத்துவிடும். அதே அரைப்பெயருக்கு மதிப்பு எழுதினால் பழையது மாறாது. ஏழாவதாகப் புதிய நெடுவரிசை உருவாகும்.

டேட்டா.டேபிளுக்கு மாறுகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். காற்புள்ளி இல்லாமல் அடைப்புக்குள் 5 என்று போட்டால் டேட்டா ஃப்ரேம் என்ற ஆரின் சாதாரண அட்டவணை ஐந்தாவது நெடுவரிசையைத் தரும், டேட்டா.டேபிள் ஐந்தாவது வரிசையைத் தரும். அடுத்தது, நெடுவரிசையை இருந்த இடத்திலேயே மாற்றும் := குறி. அட்டவணையை வேறொரு பெயருக்கு அம்புக்குறியால் ஒதுக்கியதும் நகல் எடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு, புதிய பெயரில் := கொண்டு ஒரு நெடுவரிசையை மாற்றினால் மூல அட்டவணையும் மாறிவிடும், ஏனென்றால் இரண்டு பெயரும் நினைவகத்தில் ஒரே அட்டவணையைத்தான் சுட்டுகின்றன. மாற்றத் தொடங்குவதற்கு முன்பே காப்பி ஃபங்ஷனைப் போட்டுத் தனி நகல் எடுத்துவிட வேண்டும்.