பனிக்கு ஒரு செட், ஸ்லாலமுக்கு ஒரு செட்: சிறிய, எடை குறைந்த ரிம் தேர்வு செய்வது எப்படி

ஷோரூமிலிருந்து 18 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) ரிம்மோடு வரும் கார் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். டிசம்பரில் சாலையோரம் பனிச்சேறு குவியும்போதும், ஞாயிற்றுக்கிழமை கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டும் ஸ்லாலம் போட்டிக்குப் போகும்போதும் அதே சக்கரம் காரின் காலைக் கட்டிப்போடுகிறது. இரண்டு வேலைக்கும் தீர்வு ஒரே திசையில்தான்: விட்டத்தைக் குறை, எடையைக் குறை. அகலத்தில் மட்டும் இரண்டும் எதிரெதிர். பனிக்குக் குறுகிய டயர் வேண்டும், உலர்ந்த தார்த்தளப் போட்டிக்கு அகலமான டயர் வேண்டும். ஒரே செட்டை இரண்டுக்கும் ஓட்டலாம் என்று தொடங்குபவர்கள் கடைசியில் மூன்றாவது செட்டும் வாங்குகிறார்கள்.

உலக ரேலி சாம்பியன்ஷிப் கார்களைப் பாருங்கள். தார்ச்சாலைப் போட்டிக்கு 18 அங்குல ரிம், 370 மிமீ பிரேக் டிஸ்க். மண் சாலைக்கு டிஸ்க் 300 மிமீ ஆகச் சுருங்கும், ரிம் 15 அங்குலம். சுவீடன் பனிக்கும் 15 அங்குலம்தான், ஆனால் ரிம் அகலம் வெறும் ஐந்தரை அங்குலம். விட்டத்தைத் தீர்மானிப்பது பிரேக், அகலத்தைத் தீர்மானிப்பது தரை. நாமும் அதே வரிசையில் போகலாம்.

உதாரணத்துக்கு ஜெர்மனியில் ஓடும் ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை எடுத்துக்கொள்கிறோம். வேறு கார் என்றால் எண்கள் மாறும், வழி மாறாது.

படி 1: முதலில் பிரேக்

ரிம் கடைக்குப் போகுமுன் முன்பக்க டிஸ்க்கின் விட்டம் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கோல்ஃபில் எஞ்சினைப் பொறுத்து 276, 288, 312, 340 மிமீ என்று டிஸ்க் வேறுபடும். 340 மிமீ டிஸ்க் இருந்தால் 16 அங்குலத்தை மறந்துவிடுங்கள், 17தான் குறைந்தபட்சம். 312 மிமீ என்றால் சில 16 அங்குல வடிவங்கள் பொருந்தும், சில பொருந்தாது. 288க்குக் கீழே கவலை குறைவு.

தடுப்பது டிஸ்க் அல்ல, அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர். இரண்டு இடத்தில் இடைவெளி பாருங்கள்: ரிம்மின் உட்சுவருக்கும் கேலிப்பர் முதுகுக்கும் நடுவில் ஒன்று, ரிம்மின் ஆரத்தின் (ஸ்போக்) பின்புறத்துக்கும் கேலிப்பர் முகத்துக்கும் நடுவில் இன்னொன்று. 3 மிமீ குறைந்தபட்சம். குளிர்காலச் செட்டுக்கு 5 மிமீக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டியோடு சிறு கல் நுழைந்துவிட்டால் ரிம்மின் உள்ளே வட்டமாகச் செதுக்கிவிடும்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று. நகரும் வகைக் கேலிப்பரில், டிஸ்க்கை அழுத்தும் வெளிப்பக்க பிரேக் பேட் தேயத் தேயக் கேலிப்பர் உள்நோக்கிப் போகும். தேய்ந்த பேடோடு அளந்தால் ஆரத்துக்கு நிறைய இடம் இருப்பதுபோல் தெரியும். புதுப் பேட் போட்ட அன்று கேலிப்பர் வெளியே வந்து ஆரத்தில் உரசும். ஆகவே பேடின் தடிமனையும் சேர்த்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: டயரின் மொத்த விட்டம்

ரிம் சிறியதாகும்போது டயரின் பக்கச்சுவர் உயர வேண்டும். மொத்த விட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். கணக்கு எளிது: ரிம் அங்குலம் × 25.4, அதோடு டயர் அகலம் × சதவீதம் × 2. 225/40 ஆர் 18 என்றால் 225 மிமீ அகலம், அதில் 40 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம்.

225/40 ஆர் 18: 637.2 மிமீ
225/45 ஆர் 17: 634.3 மிமீ
205/55 ஆர் 16: 631.9 மிமீ
195/65 ஆர் 15: 634.5 மிமீ

18இலிருந்து 16க்கு வந்தாலும் விட்டம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மாறுகிறது. இதுவே 205/60 ஆர் 16 எடுத்திருந்தால் 652.4 மிமீ, அதாவது 2.4 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் அதே எண்ணைக் காட்டும்போது கார் முன்பைவிட வேகமாக ஓடும், சக்கர வளைவில் உரசவும் வாய்ப்புண்டு. "60 கொஞ்சம் உயரம்தானே" என்று மலிவாகக் கிடைத்ததை வாங்காதீர்கள்.

டயரில் அளவுக்குப் பின் வரும் சுமை எண்ணையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 88 என்றால் 560 கிலோ. காரின் ஆவணத்தில் உள்ளதற்குக் கீழே போகக் கூடாது.

படி 3: ஆஃப்செட்

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) ஒட்டும் முகம் எத்தனை மிமீ வெளியே இருக்கிறது என்பதே ஆஃப்செட்; ரிம்மில் அது ஈடி எண்ணாக எழுதப்பட்டிருக்கும். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். ஆனால் அகலமும் மாறும்போது ஈடி எண்ணை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும். இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்:

உள் ஓரம் = அகலத்தில் பாதி + ஈடி
வெளி ஓரம் = அகலத்தில் பாதி − ஈடி

இருக்கும் ரிம் ஏழரை அங்குலம், ஈடி 49 என்று வைத்துக்கொள்வோம். ஏழரை அங்குலம் 190.5 மிமீ, பாதி 95.25. உள் ஓரம் 144.25, வெளி ஓரம் 46.25. குளிர்காலத்துக்கு ஆறரை அங்குலம், ஈடி 46 எடுத்தால் உள்ளே 128.55, வெளியே 36.55. உட்புறம் 15.7 மிமீ இடம் கூடுகிறது, வெளியே 9.7 மிமீ உள்வாங்குகிறது. சேறும் பனியும் அடைய, டயரில் பனிச்சங்கிலி மாட்ட, இந்த இடம் பெரிய உதவி. (சங்கிலிக்கு எந்த அளவு அனுமதி என்று கார்க் கையேடு சொல்லும், எல்லா அளவுக்கும் அனுமதி இல்லை.)

ஸ்லாலமுக்கு 17 அங்குலத்தில் ஏழரை அங்குலம், ஈடி 45 எடுத்தால் பழையதைவிட 4 மிமீ மட்டும் வெளியே வரும். அந்த அளவில் நின்றுகொள்ளுங்கள். ஈடியை 35 வரை இறக்கினால் ஸ்டியரிங் கனக்கும், வீல் பேரிங்கில் சுமை ஏறும், முழுதாகத் திருப்பும்போது ஃபெண்டரில் டயர் தட்டும்.

படி 4: ஹப், போல்ட்

கோல்ஃபுக்கு 112 மிமீ வட்டத்தில் ஐந்து போல்ட், நடுத்துளை 57.1 மிமீ. வெளி நிறுவன ரிம்களின் துளை பெரும்பாலும் பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்ப மைய வளையம் தேவை. குளிர்காலச் செட்டுக்குப் பிளாஸ்டிக் வளையமே மேல், உப்பில் அரித்து ஒட்டிக்கொள்ளாது. போட்டிச் செட்டுக்கு அலுமினியம். பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். வளையமே இல்லாமல் மாட்டினால் 100 கிமீ வேகத்தைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கும், பேலன்ஸ் செய்து செய்து காசுதான் போகும்.

போல்டின் இருக்கை, அதாவது ரிம்மில் அமரும் பகுதியின் வடிவம், உயிர் விஷயம். ஃபோக்ஸ்வாகனின் சொந்த ரிம்முக்கு உருண்டை இருக்கை. வெளி நிறுவன ரிம் பலவற்றுக்கு 60 பாகைக் கூம்பு. மாற்றிப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் உலோகம் தொடும். முறுக்கியதுபோல் இருக்கும், ஓட ஓடத் தளரும். நீளத்தையும் சரிபாருங்கள்: 14 மிமீ, 1.5 புரி போல்ட் கையால் குறைந்தது ஏழரைச் சுற்று ஏற வேண்டும்.

படி 5: எடையை நீங்களே போடுங்கள்

சிறியது என்றால் எடை குறைவு என்று நினைக்காதீர்கள். 16 அங்குல இரும்பு ரிம், நல்ல 17 அங்குல அலாயைவிடக் கனமாக இருக்கலாம். விளம்பரத்தில் உள்ள எடையை நம்பாமல் குளியலறைத் தராசை எடுத்துப்போய், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழியுங்கள்.

டயரையும் சேர்த்து எடை போடுவது அவசியம். ஓரத்தில் இருக்கும் எடைதான் அதிகம் வலிக்கும்: டயரின் வெளிவட்டத்தில் குறையும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ குறைந்ததற்குச் சமம், ஏனென்றால் அதை முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஹப் அருகே குறையும் கிலோ ஒன்றுக்குச் சற்று மேல்தான். மேலும் இது ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை. குறைந்தால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எளிதில் எழும்பாது.

சாதாரண வார்ப்பு ரிம் மலிவு, கனம். வார்த்தபின் ஓரத்தைச் சூட்டோடு உருட்டி நீட்டிய வகையில் சுவர் மெல்லிதாகி எடை இறங்கும்; ஸ்லாலம் தொடங்குபவருக்கு இதுவே சரியான இடம். அடித்து உருவாக்கியது இன்னும் இலேசு, விலை பல மடங்கு. எதுவானாலும் ஜெர்மனியில் கேபிஏ எண் (அந்நாட்டு வாகன ஆணையத்தின் ஒப்புதல் எண்), ஜப்பானிய ரிம்மில் ஜேடபிள்யூஎல் முத்திரை (அந்நாட்டு ரிம் தரக்குறி) இருக்க வேண்டும். பெயரில்லாத மலிவு ரிம் சாலையோரக் கல்லில் ஒரு தட்டிலேயே விரிசல் விடலாம்.

குளிர்காலத்துக்கு விலை உயர்ந்த இலேசு ரிம் வேண்டாம். முகத்தைக் கடைந்து உலோகம் தெரிய விட்ட வைரவெட்டு மினுமினுப்பும் வேண்டாம். மேற்பூச்சு விரிசல் விடும் இடத்தில் உப்பு புகுந்து வெள்ளைப் புழுபோல் அரிப்பு படரும். முழுக்க வண்ணம் பூசிய எளிய வார்ப்பு ரிம் போதும்.

டயர்

குறுகிய டயர் பனியில் நன்றாகப் பிடிப்பது "அழுத்தம் கூடுவதால்" என்று பொதுவாகச் சொல்வார்கள். காற்றழுத்தம் ஒன்றாக இருந்தால் தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை, மாறுவது வடிவம். குறுகிய டயரின் தடம் நீளமாக இருக்கும், முன்னால் குறைந்த பனியைத் தள்ளும், சேற்றையும் நீரையும் பிளந்துபோகும். வழவழத்த பனிக்கட்டியில் இந்த நன்மை சொற்பம். அங்கே ரப்பரின் மென்மையும் நுண்வெட்டுகளும்தான் காப்பாற்றும்.

பக்கச்சுவரில் மலையும் பனிச்செதிலும் சேர்ந்த குறி இருக்கிறதா பாருங்கள். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அந்தக் குறி இல்லாத, எம் எஸ் (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) மட்டும் போட்ட டயர் பனிக்கால டயராகக் கணக்கில் வராது. சட்டம் 1.6 மிமீ ஆழம் போதும் என்கிறது. 4 மிமீக்குக் கீழே போனால் பனியில் பிடிப்பு வெகுவாகக் குறையும். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம்.

ஸ்லாலமுக்கு 205 டயரை ஏழு அல்லது ஏழரை அங்குல ரிம்மிலும், 225/45 ஆர் 17ஐ ஏழரை அல்லது எட்டிலும் போடுங்கள். ரிம் அகலமாக இருந்தால் பக்கச்சுவர் வளையாது, ஸ்டியரிங்குக்கு உடனே பதில் வரும். வாங்குமுன் உங்கள் போட்டி வகுப்பின் விதிநூலைப் படியுங்கள். தொடக்க நிலை வகுப்புகள் பலவற்றில் ரிம் அகலத்தை மாற்றவே அனுமதி இல்லை. அரை அங்குலம் கூடினால் நேரே மாற்றங்கள் செய்த கார்களோடு போட்டியிட வேண்டிவரும்.

காற்றழுத்தத்துக்குச் சாக்பீஸ் போதும். டயரின் தோளில், சிறு முக்கோணக் குறியைத் தாண்டும்படி கோடு கிழித்து ஒரு சுற்று ஓட்டுங்கள். முக்கோணத்துக்குக் கீழும் கோடு அழிந்திருந்தால் 0.1 பார் (காற்றழுத்த அலகு) ஏற்றுங்கள். அழிவு முக்கோணம்வரை எட்டவே இல்லை என்றால் இறக்குங்கள்.

மாட்டும் நாள்

ஹப் முகத்தைக் கம்பிப் பிரஷால் உலோகம் தெரியத் தேயுங்கள். துரு மிஞ்சினால் ரிம் சாய்ந்து உட்காரும், பிறகு தளரும். ஒட்டாமலிருக்க நடுத்துளையின் விளிம்பில் மட்டும் ஒட்டுத்தடுப்புப் பசை லேசாகத் தடவலாம். போல்ட் புரியில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, பட்டால் அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். நட்சத்திர வரிசையில் கையால் ஏற்றி, காரை இறக்கியபின் டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) 120 நியூட்டன்மீட்டருக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கிமீ ஓடியபின் மீண்டும் சரிபாருங்கள்.

ஐரோப்பியக் கோல்ஃப் 7இல் டயர் அழுத்த எச்சரிக்கை ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உணரிகளைக் கொண்டே இயங்குகிறது. தனி சென்சார் வாங்க வேண்டாம். அழுத்தத்தைச் சரிசெய்தபின் மெனுவில் சேமித்தால் போதும். வெப்பநிலை 10 பாகை இறங்கினால் சுமார் 0.1 பார் குறையும். முதல் உறைபனிக் காலையில் மறுபடி அளவுமானியை எடுங்கள்.

ஓட்டும்போது திடீரென்று நடுக்கம் வந்தால் பேலன்ஸ் போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். ரிம்மின் உட்பக்கம் பனி உறைந்து ஒட்டியிருக்கும்; வெந்நீரோ மரக்குச்சியோ போதும். கழற்றும் நாளில் ஒவ்வொரு டயரிலும் "முன் இடது", "பின் வலது" என்று மெழுகுச் சாக்பீஸால் எழுதி, உப்பைக் கழுவி, ரிம்மோடு இருப்பவற்றைப் படுக்கையாக அடுக்கிவையுங்கள்.