முதல் கார்பன் துடுப்பு வாங்கப் போகிறீர்களா? கார்பனைக் கடைசியில் பாருங்கள்

நான் வாங்கிய முதல் கார்பன் இழைத் துடுப்பு இப்போது எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. உடையவில்லை, பெரிய கீறல்கூட இல்லை. என் உயரத்துக்கு ஐந்து அங்குலம் கூடுதல் நீளம், என் எடைக்கு மிகப் பெரிய பிளேடு (தண்ணீருக்குள் போகும் அகன்ற பகுதி), அவ்வளவுதான் அதன் குற்றம். 'கார்பன்' என்ற சொல்லிலும் கறுப்புப் பளபளப்பிலும் மயங்கி, பாதி விலைக்கு வருகிறதே என்று பழசாக வாங்கினேன். முட்டுக்காட்டு உப்பங்கழியில் மூன்று வாரம் போட்டதில் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டு, சட்டைக்குள் கையை நுழைக்கவே பாடாகிவிட்டது. நீளத்தை வெட்டிக் குறைத்திருக்கலாம். பிளேடை என்ன செய்வது?

நின்றபடியே துடுப்புப் போடும், சப் எனப்படும் ஸ்டாண்டப் பேடில் பலகையில் சில மாதமாகப் பழகியவர்கள், கையில் இருக்கும் அலுமினியத் துடுப்பைத் தள்ளிவிட்டுக் கார்பனுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் வாரமே கார்பன் வேண்டாம். நீங்கள் இன்னும் விழுந்துகொண்டிருப்பீர்கள், துடுப்பு பலகையிலும் பாறையிலும் மோதிக்கொண்டிருக்கும்.

கார்பன் எதற்கு?

நீள அளவை மாற்றக்கூடிய அலுமினியத் துடுப்பு ஒன்று சுமார் ஒரு கிலோ இருக்கும். நல்ல கார்பன் துடுப்பு 500 முதல் 650 கிராம். வித்தியாசம் 400 கிராம் என்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கூட இல்லை, இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றும். நிமிடத்துக்கு 40 வீச்சு, ஒரு மணி நேரத்துக்கு 2,400 வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கி முன்னே கொண்டுபோகிறீர்கள். 400 கிராமை 2,400 முறை தூக்கினால் 960 கிலோ. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு டன்னை உங்கள் தோள் தூக்காமல் தப்பிக்கிறது.

அரை மணி நேரம் சும்மா மிதந்துவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு கரையேறுகிறவருக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. அலுமினியமே போதும்.

படி 1: பழைய துடுப்பிலேயே உங்கள் நீளத்தைக் கண்டுபிடியுங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இது. உங்களிடம் இருக்கும் அளவு மாற்றும் துடுப்புதான் இதற்குச் சரியான கருவி.

உங்கள் உயரத்தோடு எட்டு அங்குலம் கூட்டித் தொடங்குங்கள். ஐந்தடி ஐந்து அங்குல ஆள் என்றால் 65 கூட்டல் 8, அதாவது 73 அங்குலம், சுமாராக 185 சென்டிமீட்டர். அந்த அளவில் பூட்டி அரை மணி நேரம் போடுங்கள். அடுத்த நாள் இரண்டு சென்டிமீட்டர் குறையுங்கள். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. ஒவ்வொரு அளவையும் தண்டில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

எது சரி என்று எப்படித் தெரியும்? துடுப்பை முன்னே ஊன்றி, பிளேடு முழுதும் தண்ணீருக்குள் போன அந்த நொடியில் மேல் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. உச்சந்தலைக்கு மேலே போனால் துடுப்பு நீளம், தோள் பழிவாங்கும். பிளேடை முழுதாக முக்குவதற்கே இடுப்பை ஒடித்துக் குனிய வேண்டியிருந்தால் குட்டை. அலையில் சறுக்குகிறவர்கள் உயரத்தைவிட நான்கு அங்குலம் கூடுதலோடு நிறுத்திக்கொள்வார்கள், முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பதால். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு எட்டு, பத்து வரை சரிப்படும்.

உள்ளே காற்று நிரப்பிப் பயன்படுத்தும் பலகைகள் ஆறு அங்குலம் வரை தடிமனாக இருக்கும், தண்ணீருக்கு மேலே அதிகம் உயர்ந்து நிற்கும். அதில் நிற்பவருக்கு ஓர் அங்குலம் கூடுதலாகத் தேவைப்படலாம். ஆகவே எந்தப் பலகையில் போகப் போகிறீர்களோ அதில் நின்றுதான் அளக்க வேண்டும். கடையின் டைல்ஸ் தரையில் நின்று கையைத் தூக்கி அளப்பது ஒரு தோராயம், அதை நம்பிக் கார்பனை வெட்டிவிடாதீர்கள்.

இதே நேரத்தில் இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள். பிளேடும் தண்டும் நேர்க்கோட்டில் இருக்காது, பிளேடு பத்து டிகிரி போலச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு பலகையின் மூக்கைப் பார்த்து, உங்களை விட்டு விலகி இருக்க வேண்டும். பார்வைக்குக் கரண்டி மாதிரி இருப்பதால் தண்ணீரை அள்ளத் தோதாகப் பலரும் தலைகீழாகப் பிடிப்பார்கள். கரையில் நின்று பார்த்தால் பத்துப் பேரில் மூன்று பேராவது அப்படித்தான் போய்க்கொண்டிருப்பார்கள். சரியாகப் பிடித்தால், வீச்சு உங்கள் காலை நெருங்கும்போது பிளேடு செங்குத்தாக நிற்கும், பலகை முன்னே போகும். தலைகீழாகப் பிடித்தால் கடைசிப் பாதியில் தண்ணீரை மேலே தூக்கிக் கொட்டிக்கொண்டிருப்பீர்கள்.

படி 2: பிளேடு

பிளேடின் பரப்பைச் சதுர அங்குலத்தில் சொல்வார்கள். 65 கிலோவுக்குள் இருப்பவருக்கு 80 முதல் 85. அங்கிருந்து 85 கிலோ வரை 85 முதல் 95. அதற்கு மேல் 95, 100. இரண்டுக்கும் நடுவில் குழப்பம் வந்தால் சின்னதையே எடுங்கள். என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன், பாதிப் பேர் கேட்பதில்லை. பெரிய பிளேடு என்றால் அதிக வேகம் என்று மனம் சொல்லும். முதல் நூறு மீட்டருக்கு உண்மைதான். அப்புறம்?

முட்டுக்காட்டில் மதியம் கடல்காற்று எழும்பும்போது இது நன்றாகப் புரியும். எதிர்க்காற்றில் பெரிய பிளேடை ஊன்றி இழுத்தால், கீழ்க் கியரே இல்லாத சைக்கிளில் மேட்டில் ஏறுவது போல இருக்கும். ஒவ்வொரு வீச்சும் கனக்கும், வீச்சுக்கும் வீச்சுக்கும் இடையில் காற்று பலகையை நிறுத்திவிடும். சின்ன பிளேடில் வீச்சு லேசு, அதனால் அடுத்தடுத்துப் போட முடியும், பலகை நிற்காமல் நகரும்.

கார்பனில் இது இன்னும் முக்கியம். அலுமினியத் தண்டு கொஞ்சம் வளையும், பிளாஸ்டிக் பிளேடு ஓரம் மடங்கும், உங்கள் இழுப்பில் ஒரு பகுதி அதிலேயே வீணாகிவிடும். கார்பன் வளைந்துகொடுக்காது. நீங்கள் இழுக்கிற மொத்தமும் தண்ணீருக்குப் போகும், தண்ணீரின் எதிர்ப்பு மொத்தமும் தோளுக்குத் திரும்பி வரும். அதனால் அலுமினியத்தில் 95 போட்டவர் கார்பனில் 85க்கு இறங்கலாம்.

வடிவத்தில் இரண்டு வகை. மழைத்துளி போல அடியில் அகன்றது ஒன்று, இரண்டு பக்கமும் ஏறக்குறைய நேராக இறங்கும் ஒடுங்கியது இன்னொன்று. ஒடுங்கியது தண்ணீருக்குள் சத்தமில்லாமல் இறங்கும், பலகைக்கு நெருக்கமாகப் போடலாம். பிளேடின் நடுவில் மெல்லிய முதுகுத்தண்டு மாதிரி ஒரு மேடு இருந்தால், இழுக்கும்போது பிளேடு இடவலமாக அலையாது. புதியவர்கள் அந்த மேடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 3: ஒரே துண்டா, இரண்டா, மூன்றா?

ஒரே துண்டுதான் மிக லேசு. இரண்டு துண்டு என்றால் அளவு மாற்றலாம், வீட்டில் நாலு பேர் பயன்படுத்தலாம். மூன்று துண்டு பேருந்திலும் விமானத்திலும் போகிறவருக்கு. ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் எடை, கொஞ்சம் ஆட்டம், கொஞ்சம் மணல். முதல் கார்பன் துடுப்பு என்றால் இரண்டு துண்டு வாங்குங்கள். பூட்டைப் பூட்டிவிட்டு இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள், சிறிதும் சுழலக் கூடாது.

படி 4: இது எவ்வளவு கார்பன்?

விற்பனையில் 'கார்பன்' என்ற ஒரே சொல்லுக்குள் பல சரக்கு இருக்கிறது. தண்டு மட்டும் கார்பன், பிளேடு நைலான். தண்டில் பாதி கண்ணாடி இழை, பாதி கார்பன். கண்ணாடி இழைத் தண்டின் மேல் கார்பன் நெசவு மாதிரி அச்சடித்த படலம். கடைசியாக, பிடி முதல் பிளேடு வரை முழுக் கார்பன்.

தண்டுக்கு எத்தனை சதவீதம், பிளேடு எதில் செய்தது என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். '3கே' என்று எழுதியிருந்தால் அது தரச் சான்று இல்லை. ஒரு நூலில் 3,000 இழைகள் சேர்ந்திருக்கின்றன என்ற நெசவுக் கணக்கு, அவ்வளவுதான். கட்டம் போட்ட அந்த அழகு மேல் அடுக்கில் மட்டும் இருக்கலாம்.

முழுக் கார்பன்தான் எல்லோருக்கும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். தோளிலோ முழங்கையிலோ பழைய வலி உள்ளவருக்குப் பாதி கண்ணாடி இழை கலந்த தண்டு இதமாக இருக்கும், அது கொஞ்சம் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். காசு குறைவாக இருந்தால் எங்கே செலவழிப்பது? பிளேடில். ஏன் என்பது அடுத்த படியில் கையிலேயே தெரியும்.

படி 5: கையில் எடுத்துச் சோதியுங்கள்

மீன் எடை போடும் கொக்கித் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். சொன்ன எடையும் தொங்கும் எடையும் ஒன்றா என்று தெரிந்துவிடும். அப்புறம் துடுப்பை ஒற்றை விரலில் கிடையாகச் சமன் செய்து, சமநிலைப் புள்ளி பிளேடிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரே எடையுள்ள இரண்டு துடுப்புகளில் எதன் புள்ளி பிளேடுக்குக் கிட்ட இருக்கிறதோ அதன் கனம் கீழே இருக்கிறது என்று பொருள். வீசும்போது அதுதான் கனக்கும். நைலான் பிளேடு போட்ட கார்பன் துடுப்பு தராசில் லேசாகவும் கையில் கனமாகவும் இருப்பதன் ரகசியம் இதுவே.

பழைய துடுப்பு என்றால் ஒரு ரூபாய் நாணயத்தால் பிளேடு முழுதும் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் என்று ஒரே கூர்மையாகக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகி, அட்டைப் பெட்டியைத் தட்டியது போல வந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. தண்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குங்கள், உள்ளே தண்ணீர் சலசலத்தால் எங்கோ விரிசல். தண்டின் நீளத்துக்குக் கட்டைவிரல் நகத்தை ஓட்டி, நகம் சிக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். பலகையின் ஓரத்தில் மோதி மோதித் தண்டின் கீழ்ப்பகுதியில்தான் அடி விழுந்திருக்கும். அலுமினியம் வளைந்து எச்சரிக்கும். கார்பன் ஒரு நாள் பட்டென்று போய்விடும், பெரும்பாலும் கரையிலிருந்து தொலைவில்.

படி 6: வெட்டுவது

ஒரே துண்டுத் துடுப்பு வாங்கினால் பிடி தனியாக வரும். உடனே ஒட்டாதீர்கள். தண்டை உங்கள் அளவைவிட ஓர் அங்குலம் நீளமாக விட்டு, பிடியைச் செருகி, இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றி ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். குறைத்தால் தேவலை என்று தோன்றினால் குறையுங்கள். வெட்டிய தண்டு வளராது.

வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைத் தண்டைச் சுற்றி ஒட்டி, டேப்பின் மேலேயே கோடு போடுங்கள், இழை சிலும்பாது. நுண்பல் ஹாக்சா பிளேடு வேண்டும். ஒரே பக்கமாக அறுத்துக் கீழே வந்தால் கடைசி இழைகள் பிய்ந்துவிடும். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிச் சுற்றிலும் அறுங்கள். அறுக்கும் இடத்தை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே இருங்கள், முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். கார்பன் தூசி நெஞ்சுக்கு ஆகாது, அதன் சிலாம்பு விரலில் ஏறினால் கறுப்பாக இருந்தும் கண்ணுக்குச் சிக்காது. முனையை நனைத்த உப்புத்தாளால் தேய்த்து முடியுங்கள்.

பிடியை ஒட்ட ஹாட் மெல்ட் பசைக் குச்சிதான் நல்லது. எபாக்சி போட்டால் பிடி நிரந்தரமாகிவிடும். ஹாட் மெல்ட் என்றால் நாளைக்கு ஹேர் டிரையரால் சூடாக்கிக் கழற்றி, அளவை மாற்றலாம். பசை உருகியிருக்கும் அரை நிமிடத்துக்குள் பிடியின் குறுக்குக் கட்டையும் பிளேடின் அகலமும் ஒரே நேரில் நிற்கும்படி திருப்ப வேண்டும். துடுப்பைத் தரையில் கிடத்தி, பிடிப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பாருங்கள். நெருப்பைக் காட்டாதீர்கள், கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் கெட்டுப்போகும்.

வைத்துக்கொள்வது

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு துண்டையும் பிரித்து உலர விடுங்கள். உப்புத் தண்ணீரில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். பூட்டின் திருகுகளில் வெள்ளைப் பொடி பூத்து, இரண்டு துண்டும் ஒன்றோடொன்று இறுகிப்போவது இப்படித்தான். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைக்காதீர்கள், பசை இளகிப் பிடி கோணலாகும். பாலத் தூண்களில் சிப்பி ஒட்டியிருக்கும், துடுப்பை ஊன்றித் தள்ளிவிட ஆசையாக இருக்கும், தள்ளாதீர்கள். கையாலும் தள்ளக் கூடாது, செருப்புப் போட்ட காலால் தள்ளுங்கள்.

இன்னொன்று, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி முழங்க ஆரம்பித்தால், திறந்த தண்ணீரில் ஆறடிக் கார்பன் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரே ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. கரையேறி, துடுப்பைக் கிடத்திவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். ஐப்பசி பிறந்ததும் மொட்டைமாடித் துடுப்பை நான் உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கொடிக்கு மூங்கிலை நட்டுவிடுகிறேன்.