ஊருக்குப் போகும்போது பெண்பிள்ளைகளுக்கு உதவ நினைக்கிறீர்களா?

ஆடி, ஆவணி வந்தால் நல்லூர்த் திருவிழாவை ஒட்டிக் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் நம் சனம் ஊருக்குப் போகிறது. பலர் கொஞ்சக் காசை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை ஒன்றைப் படிப்பிக்க வேண்டும், தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் ஒருவருக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்ற எண்ணம். இந்தக் குறிப்பு அவர்களுக்காக, யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் மனதில் வைத்து எழுதியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊரில் இந்த வேலையைச் செய்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மூன்று கிழமை லீவில் புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, அவர்களைத் தேடிப் பிடித்து அவர்களோடு சேருங்கள்.

பெண்பிள்ளைகளைப் படிப்பிக்க உதவுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். சைவப் பிள்ளைகளுக்கும் அப்படியொன்று வேண்டுமென்று 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். நம் காலத்து உதாரணம் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயில். ஆசிரியையாக இருந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) கோயில் நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கிய காலத்தில், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை உருவாக்கினார். அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் அந்த இல்லத்தைப் பற்றியும் விசாரித்துவிட்டு வாருங்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஆகஸ்டில் போனால் பாடசாலை லீவாக இருக்கலாம். வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர்தான் லீவு. கொரோனாவுக்குப் பிறகு திகதிகள் முன்பின்னாக வருகின்றன. அதனால் போவதற்கு முன்பே அதிபரோடு பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்குள் பொருள் கொடுப்பது, மாணவிகளைச் சந்திப்பது எல்லாம் அதிபருக்குத் தெரிந்துதான் நடக்க வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியிருக்கலாம். நேரே வாசலில் போய் நின்றால் அதிபரைத்தான் சங்கடத்தில் மாட்டிவிடுவீர்கள்.

எங்கே காசு போட்டால் பிள்ளை மேலே வரும்? என் பதில்: ஓ.எல் (11ஆம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரணதரப் பரீட்சை) முடிந்ததிலிருந்து முதல் வேலை கிடைக்கும் வரையான காலம். இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசு கொடுக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொப்பி, பாக் கொடுக்கவும் ஆட்கள் நிறைய. பிள்ளை 16 வயதைத் தாண்டும்போதுதான் கூட்டம் கலைந்துவிடுகிறது.

ஊர்ப் பாடசாலை என்ன தரம் என்று கேளுங்கள். 1ஏபி என்றால் ஏ.எல்லில் (அதற்கு மேலே படிக்கும் உயர்தரம்) விஞ்ஞானம், கணிதம் உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும். இரண்டாம் வகைப் பாடசாலையில் 11ஆம் ஆண்டோடு படிப்பு முடிந்துவிடும். முல்லைத்தீவின் உட்கிராமத்துப் பிள்ளை ஒன்று ஓ.எல்லில் கணிதமும் விஞ்ஞானமும் நல்லாகச் செய்தாலும், பக்கத்தில் 1ஏபி பாடசாலை இல்லையென்றால் கலைப் பிரிவுக்குத்தான் போகும். பொடியன் என்றால் சைக்கிளில் ஓடிப் போய் ரியூசனுக்கும் நின்றுவிட்டு இருட்டின பிறகு வருவான். பெண்பிள்ளையை ரியூசன் முடியும் நேரமும் கடைசி பஸ்ஸும்தான் தடுக்கின்றன. ஐந்து மணிக்குக் கடைசி பஸ், ஐந்தரைக்கு வகுப்பு முடிகிறது என்றால் தாய் அந்த வகுப்பை நிறுத்திவிடுவாள். பிள்ளைக்குக் கெட்டித்தனம் இல்லாமல் இல்லை. பாடசாலை விடுதிக் காசு, அல்லது நாலைந்து பிள்ளைகளுக்குச் சேர்த்து ஓர் ஓட்டோ, அல்லது ஊர் வாசிகசாலைக்கே கணித ஆசிரியரைச் சனி, ஞாயிறில் கூட்டிவருவது: இவற்றில் ஒன்றைச் செய்தால் ஒரு பிள்ளையின் முழுப் பாதையும் மாறும். வாசிகசாலையில் காசு வாங்காமல் படிப்பிக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர்மார் பல ஊர்களில் இருக்கிறார்கள். நீங்கள் முதலில் தேட வேண்டியது அவர்களைத்தான். எந்தப் பிள்ளை எப்போது படிப்பை விடப் பார்க்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஏ.எல் எழுதிய பின்பும் ஒரு பெரிய இடைவெளி. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழக அனுமதி என்று காத்திருப்பதிலேயே ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். கலியாணப் பேச்சு வருவதும், கடையில் நிற்கப் போவதும் அந்த நேரத்தில்தான். அதற்குள் ஒரு தொழிற்கல்விப் பாடநெறிக்கு அனுப்பலாம். யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தரும் பாடநெறியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் கிடைத்துப் பேராதனைக்கோ மாத்தறைக்கோ போகிற பிள்ளைக்கு மகாபொல உதவித்தொகை கைக்கு வரவே மாதக்கணக்காகும். முதல் ஆறு மாதத்து அறை வாடகையும் சாப்பாடும் கொடுத்தாலே பெரிய உதவி.

பாடசாலைக்கே ஏதும் செய்ய விரும்பினால், பெயர்ப்பலகையோடு வளைவு கட்ட வேண்டாம். மாணவிகளின் கழிப்பறையைப் போய்ப் பார்க்கச் சொல்லி ஒரு பெண் ஆசிரியரிடம் கேளுங்கள். கதவுக்குக் கொழுவி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, மூடியுள்ள குப்பைவாளி இருக்கிறதா? 2024இல் அரசு மாணவிகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தது. ஆனால் துவாய் இருந்தும் மாற்ற இடமில்லையென்றால் பிள்ளை அந்த நாட்களில் வீட்டில்தான் நிற்கும். தண்ணீர்த் தொட்டியும் மோட்டரும் போட்டுக் கொடுப்பவரின் பெயர் எந்தப் பலகையிலும் வராமல் போகலாம். செய்யுங்கள்.

சிறுமியர் இல்லங்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லத்தில் சாப்பாடு கொடுப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. லீவு காலத்தில் ஒரே கிழமையில் இரண்டு மூன்று குடும்பங்கள் வரும். பிள்ளைகள் வரிசையில் நின்று, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடுவார்கள், பிறகு வந்தவர்கள் படம் எடுப்பார்கள். அந்த இடத்தில் உங்கள் சொந்த மகளை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அங்குள்ள பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார், வறுமையால்தான் பிரிந்திருக்கிறார்கள். அதே காசை, 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளையின் பாடநெறிக்கோ அறை வாடகைக்கோ கொடுக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். இல்லங்களை மேற்பார்ப்பது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம். அங்கே பதிவு உண்டா என்று விசாரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குடும்பம் நடத்தும் பெண்களுக்கு என்றால், தையல் மெசினும் கோழிக்குஞ்சும்தான் நமக்கு உடனே ஞாபகம் வருகிறது. துணி போட்டு மூடி மூலையில் நிற்கும் மெசின்களை வன்னியில் வீடு வீடாகக் காணலாம். தைக்கத் தெரியாமல் இல்லை, தைத்ததை வாங்க ஆளில்லை. இன்னொன்று, நுண்கடன். கிழமைக்கிழமை கட்ட வேண்டிய இரண்டு மூன்று கடன் இருக்கும் வீட்டில் நீங்கள் கொடுக்கும் ஆடு கடன்காரனுக்குத்தான் போகும். 2018இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முடிவெடுக்க வேண்டி வந்தது என்றால் நிலைமையை யோசியுங்கள். ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும், குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கமும் இருக்கும். அந்தப் பெண்களோடு இருந்து, என்ன விற்கிறது, எதற்கு முதலீடு தேவை என்று கேட்டு, சங்கத்தின் ஊடாகக் கொடுங்கள்.

வாங்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க ஆசையென்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி உணவகத்துக்குப் போங்கள். கிளிநொச்சி, வவுனியாவிலும் உண்டு. மாகாண விவசாயத் திணைக்களம் இடத்தைக் கொடுக்க, பெண்கள் தாங்களே சமைத்து விற்கிறார்கள். தோசை, அப்பம், குரக்கன் புட்டு, பழச்சாறு எல்லாம் கண்ணுக்கு முன்னால் தயாராகும். போகிற வருகிற நேரமெல்லாம் அங்கே சாப்பிடுங்கள். கூட வரும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதைச் சொந்தக்காரர் ஒருவரின் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வகுப்பாசிரியர், கிராம அலுவலர், பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோரில் இரண்டு பேரிடமாவது கேளுங்கள். அமைப்பு என்றால் பதிவு இலக்கம், வங்கிக் கணக்கு, போன வருடத்துக் கணக்கறிக்கை. நல்ல அமைப்பு இதைக் கேட்டதற்குக் கோபிக்காது.

பெண்பிள்ளையின் வீட்டுக்கு ஆண்கள் தனியே போக வேண்டாம்; மனைவியையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். பிள்ளையின் கைபேசி இலக்கத்தை வாங்காதீர்கள். தொடர்பெல்லாம் தாய் ஊடாக அல்லது பாடசாலை ஊடாக. படம் எடுத்து முகநூலில் போடவே வேண்டாம். அதே ஊரில் அவள் நாளைக்கும் நடந்து போக வேண்டும். ஏதும் பிழையாகத் தெரிந்தால் சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்கள் இருக்கின்றன.

கடைசியாகக் காசு அனுப்பும் வழி. சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்டால் 18 வயதுவரை எடுப்பது லேசில்லை. சேமிப்புக்கு அது நல்லது, மாதச் செலவுக்கு உதவாது. மாதச் செலவுக்குத் தாயின் கணக்கு, பிள்ளைக்கு 18 ஆன பிறகு அவளது சொந்தக் கணக்கு. திரும்பி வருவதற்கு முன்பே அந்தக் கணக்கைத் திறக்க வைத்து, உங்கள் நாட்டு வங்கியில் மாதாமாதம் தானாகப் போகும்படி ஒழுங்கு செய்துவிடுங்கள். தொகை சிறிதாக இருக்கட்டும். ஆனால் ஏ.எல் முடிந்து, படிப்போ பயிற்சியோ முடிந்து, முதல் சம்பளம் எடுக்கும் மாதம்வரை நிற்காமல் போகும் தொகையாக இருக்க வேண்டும். அவ்வளவு காலம் ஒருவரால் முடியாதென்றால், உங்களோடு படித்த நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள்.